மகள் வானத்தில் சுற்றிய அன்று

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள், அதுவும் பம்பாயில் ஒரு முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில். எழுதிப் பழக்கமில்லை. வரி கோணலாகப் போகும், சொன்னதையே திரும்பச் சொல்லிவிடுவேன், மறதியும் வந்துவிட்டது. இது நடந்தது எண்பத்தைந்தா எண்பத்தாறா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன், பிடிபடவில்லை. மழைக்காலம் தொடங்கப் போகிற சமயம் என்பது மட்டும் நிச்சயம். குடையை வெளியே எடுத்துத் துடைத்து வைத்திருந்தேன், அது ஞாபகம் இருக்கிறது.

அப்போது நாங்கள் மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒரு சாலில் இருந்தோம். சால் என்றால் வரிசையாக ஒற்றை அறை வீடுகள், கீழே எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய், மேலே மொட்டை மாடி. என் வீட்டுக்காரர் ஃபிட்டர் வேலை. எங்களுக்கு ஒரே மகள். அவள் ஜுஹுவில் விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தாள். லேபர் கேம்புப் பெண் விமானத்துக்கு எப்படிப் போனாள் என்று கேட்பீர்கள். அது தனிக் கதை. பள்ளியில் என்.சி.சி.யில் சேர்ந்தாள், அங்கிருந்து ஒரு சர்க்கார் உதவித்தொகை கிடைத்தது என்பதோடு விட்டுவிடுகிறேன்.

கண்ணால் பார்த்து ஓட்டுவதற்கு அவள் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். ஆனால் விமானக் கம்பெனியில் வேலைக்கு எடுக்க அது போதாதாம். மேகத்துக்குள், மழைக்குள், வெளியே ஒன்றுமே தெரியாதபோதும் முன்னால் இருக்கிற கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட வேண்டும். அதற்குத் தனியாக ஒரு தேர்வு. பழகும்போது நெற்றிக்கு மேல் ஒரு மூடி போட்டுவிடுவார்கள். வண்டிக் குதிரைக்குக் கண்பட்டை கட்டுவது மாதிரி. வெளியே பார்க்க முடியாது.

அந்தத் தேர்வில் அவள் ஒரு தடவை தோற்றுவிட்டாள். உதவித்தொகையில் மிச்சமிருந்த பறக்கும் நேரம் இன்னும் ஒரே ஒரு தேர்வுக்குத்தான் போதும். அதிலும் போனால் அவ்வளவுதான், பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு வேலை தேட வேண்டியதுதான். வீட்டில் சோறு இறங்கவில்லை ஒருவருக்கும்.

அவள் காலை வாரிவிட்டது ஹோல்டிங் என்ற ஒரு பாடம். அவள் எனக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். விமானம் பஸ்ஸைப் போல ஓரமாக நிற்க முடியாது. இறங்க இடமில்லை, காத்திரு என்று கீழேயிருந்து சொன்னால் ஓர் இடத்தையே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். அந்த இடத்தில் தரையில் ஒரு ரேடியோ கம்பம் இருக்கும். விமானத்துக்குள் கடிகாரம் மாதிரி ஒரு வட்டு, அதில் ஒரு முள். விமானம் எப்படித் திரும்பினாலும் முள் அந்தக் கம்பத்தையே காட்டும். கம்பத்தின் தலைக்கு மேல் வந்ததும் வலப்பக்கம் திரும்பி, சிறிது தூரம் நேராகப் போய், மறுபடியும் வலப்பக்கம் திரும்பி, கம்பத்தை நோக்கிச் சரியாக ஒரு நிமிடம் நேரே வர வேண்டும். சங்கிலியின் ஒரு கண்ணி இருக்கிறதல்லவா, அந்த வடிவம். முதன்முதலில் வந்து சேரும்போது எந்தப் பக்கமிருந்து வருகிறோமோ அதைப் பொறுத்து நுழைகிற விதம் மாறும். காற்று வேறு தள்ளும். இத்தனையையும் வெளியே பார்க்காமல் செய்ய வேண்டும்.

தோற்ற அன்று வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் சொன்னாள்: "எனக்குக் கடல் எந்தப் பக்கம்னு தெரியும்மா. கண்ணை மூடினாலும் தெரியும். முள்ளு வேற பக்கம் காட்டுச்சு. நான் எனக்குத் தெரிஞ்ச பக்கம் திருப்பிட்டேன்."

"முள்ளு தப்பா?"

"முள்ளு சரி. நான்தான் தப்பு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்கும்தான். இத்தனை நாள் படித்த பெண் ஏன் முள்ளை நம்பாமல் போனாள் என்று அவளுடைய இன்ஸ்ட்ரக்டருக்கே புரியவில்லையாம்.

விளங்கியது இரண்டு நாள் கழித்து, சாப்பிடும்போது. கரண்ட் போய்விட்டது. இருட்டில் அவள் அப்பா, "குழம்புச் சட்டிய கொஞ்சம் வடக்க தள்ளு தாயி, கைல இடிக்கி" என்றார். மகள் சாப்பாட்டை மென்றுகொண்டே, பார்க்காமல், சட்டியைச் சரியாக வடக்கே தள்ளினாள். தள்ளிவிட்டு, தட்டில் கையோடு அப்படியே இருந்தாள்.

"இதுதாம்மா!" என்று கத்தினாள். "இதுதான், இதுதான்!"

"என்னட்டி, கரப்பானா?" என்றேன்.

கரப்பானில்லை. எங்கள் பேச்சுதான். எங்கள் தாய் தகப்பன் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் வீட்டில் இடது வலது என்று சொல்கிற வழக்கமே கிடையாது, எல்லாம் திசைதான். தட்டைக் கிழக்கே நகர்த்து, சேலையைத் தெற்கே இழுத்துவிடு, உப்பு டப்பா மேற்கு ஓரத்தில். ரயிலில் ஏறினாலும் "கொஞ்சம் வடக்க நகருங்க" என்போம், பக்கத்தில் இருக்கிற குஜராத்தி அம்மாள் முழிப்பாள். பல் வலி என்று போனால் தெற்குப் பல்லா வடக்குப் பல்லா என்று கேட்கிற கூட்டம் நாங்கள் என்று எதிர்வீட்டு மைனி கேலி செய்வாள், அவளும் அதே கூட்டம்தான், நாங்கள் ஒருவரையொருவர் மைனி என்றுதான் கூப்பிடுவோம். பிறந்ததிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்ததால் என் மகளுக்குத் திசை உடம்பிலேயே இருந்தது. கண்ணைக் கட்டிச் சுற்றிவிட்டாலும் கிழக்கைக் காட்டிவிடுவாள். எங்களுக்கு அதில் பெருமை வேறு.

தரையில் அது சரி. மேலே, மூடிக்குள், விமானம் மெதுவாகத் திரும்புவது உடம்புக்குத் தெரியாதாம். விமானம் திரும்பிவிட்டிருக்கும், உடம்பு மட்டும் பழைய கிழக்கையே பிடித்துக்கொண்டு நிற்கும். மற்றப் பிள்ளைகளுக்குத் திசையே தெரியாததால் முள்ளைப் பார்க்கிறார்கள். இவளுக்குத் தெரியும் என்ற நினைப்பு. அதுதான் வினை.

மறுநாள் காலையில் ஒரு அட்டையை வட்டமாக வெட்டி, விமானத்து வட்டில் இருக்கிற மாதிரியே வடக்கைப் பூஜ்யமாக வைத்துச் சுற்றிலும் எண் எழுதி, அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டினாள். சட்டம் போட்டாள். இனிமேல் வீட்டில் யாரும் கிழக்கு மேற்கு சொல்லக் கூடாது. தினமும் காலையில் அவள் அட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு சுற்றிவிடுவாள். அன்றைக்கு அட்டை எந்தப் பக்கம் என்ன எண் காட்டுகிறதோ அதுதான் திசை. அட்டையைப் பார்க்காமல் யாரும் எந்தப் பொருள் இருக்கிற இடத்தையும் சொல்லக் கூடாது. பழைய திசை சொன்னவர்கள் கீழே குழாய்க்குப் போய் ஒரு குடம் தண்ணீர் கூடுதலாகத் தூக்கி வர வேண்டும்.

"இது என்ன கூத்து, கிழக்க கிழக்கன்னு சொல்லாம எப்படிப் பொழைக்கிறது?" என்றார் அவள் அப்பா.

"இப்பவே ரெண்டு குடம்ப்பா."

"நான் கேள்விதான கேட்டேன்!"

"கேள்வியில ரெண்டு கிழக்கு இருந்துச்சு."

அந்த முதல் வாரம் எங்கள் வீட்டில் தண்ணீர்ப் பஞ்சமே இல்லை. பெரும்பாலும் அவர்தான் தூக்கினார். எனக்கு ஆங்கில எண் வரும், ஆனால் மூன்று மூன்றாகச் சேர்த்து வாசிக்க வராது. "ஜீரோ த்ரீ ஜீரோ" என்று சொல்லும்போதே வெட்கமாக இருக்கும், முந்தானையை வாயில் வைத்துக்கொள்வேன். உப்பு இன்றைக்கு ஒரு எண்ணில் இருக்கும், நாளைக்கு அதே உப்பு அதே இடத்தில் வேறு எண்ணில் இருக்கும். எதிர்வீட்டு மைனி புளி கேட்டு வந்தவள், நான் அட்டையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "டூ ஒன் ஜீரோ பக்கம், மேல் தட்டுல" என்றதும் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சல் ஒண்ணும் இல்லையே மைனி. வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே எங்க போறீக?"

படுக்கை விஷயத்தில்தான் பெரிய தகராறு வந்தது. வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஒருநாள் அட்டையின்படி, அவர் வழக்கமாகத் தலை வைக்கிற பக்கம் வடக்காகிவிட்டது. "அட்டை சொன்னா சொல்லிட்டுப் போவுது, எமனுக்கு அட்டை தெரியுமா?" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலில் போய்ப் படுத்தார். அன்றிலிருந்து படுக்கைக்கு மட்டும் சலுகை.

வேடிக்கையாகச் சொல்கிறேன், ஆனால் கொஞ்ச நாளில் மகளிடம் மாற்றம் தெரிந்தது. எதையாவது கேட்டால் சட்டென்று கை நீட்டுகிறவள், இப்போது முதலில் அட்டையைப் பார்த்தாள். பிறகுதான் கை போனது.

அதன் பிறகு மொட்டை மாடிக்குப் போனோம். சாயங்காலம் துணி எடுத்தபின் மாடி காலியாக இருக்கும். நடுவில் ஒரு குடத்தைக் கவிழ்த்து வைத்தோம், அதுதான் கம்பம். மகள் தலையில் துண்டைப் போட்டு முகத்துக்கு முன்னால் தொங்கவிட்டுக்கொள்வாள், கீழே மட்டும் கொஞ்சம் தெரியும். நான் இன்னொரு அட்டை வட்டும், ஊக்கில் மாட்டிய முள்ளும் வைத்துக்கொண்டு அவள் கூடவே நடப்பேன். அவள் திரும்பத் திரும்ப, முள் குடத்தைக் காட்டும்படி நான் திருப்பித் துண்டுக்குக் கீழே பிடிக்க வேண்டும். முள் எந்த எண்ணில் நிற்கிறது என்றும் சொல்ல வேண்டும்.

"சத்தமா சொல்லும்மா. முள்ளு முணுமுணுக்காது."

"கீழ் வீட்டு ஆம்பளைங்க எல்லாம் இருக்காங்கட்டி."

"விமானத்துல நூறு பேர் இருப்பாங்கம்மா!"

ஒரு நிமிடம் நேராக நடக்க மாடியில் இடமில்லை. அதனால் ஒரு அடிக்கு முன்னால் இன்னொரு அடியை ஒட்டி வைத்து மெதுவாக நடப்போம். அவள் கையில் கடிகாரம். எனக்குக் கடிகாரம் இல்லை, என் கால்தான். போகப் போக, கடிகாரம் சொல்வதற்கு முன்பே என் காலுக்கு நிமிடம் முடிவது தெரிந்தது. அந்தக் கண்ணியை எத்தனை தடவை சுற்றியிருப்போம் என்று கணக்கே இல்லை. ஆரம்பத்தில் தினமும் குடத்தை உதைத்தாள். குடம் ஒரு பக்கம் நசுங்கியே போய்விட்டது.

காற்றுக்கு என்ன செய்வது? அதற்கு எதிர்வீட்டு மைனி வந்தாள். நல்ல கனத்த உடம்பு அவளுக்கு. ஒரு பக்கமாக நின்றுகொண்டு மகள் நடக்க நடக்கத் தோளில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே வருவாள். தள்ளும் பக்கத்துக்கு எதிராகக் கொஞ்சம் சாய்ந்து நடந்தால்தான் நேராகப் போகும். கம்பத்துக்கு வரும்போது எவ்வளவு சாய்கிறோமோ, கம்பத்தை விட்டுப் போகும்போது அதைப்போல மூன்று பங்கு சாய வேண்டுமாம், ஏனென்றால் இரண்டு திருப்பத்திலும் காற்று தள்ளியதைச் சேர்த்துச் சரிக்கட்ட வேண்டும். மைனி சில நாள் பக்கத்தில் தள்ளுவாள், சில நாள் எதிரே நின்று நெஞ்சில் கை கொடுத்துத் தடுப்பாள். எதிர்க்காற்று என்றால் கம்பத்துக்கு வர நேரமாகும். அடுத்த சுற்றில் போகிற தூரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கீழ்வீட்டுக்காரி ஒருத்தி ஒருநாள் மாடிக்கு வந்து இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டாள். தலையில் துண்டோடு ஒரு பெண், அட்டையைத் தூக்கிக்கொண்டு நான், தள்ளிக்கொண்டு மைனி.

"புள்ளைக்குக் காத்து கறுப்பு அடிச்சிருக்கா? எனக்குத் தெரிஞ்ச சாமியாடி ஒருத்தர் தாராவியில இருக்காரு."

"கறுப்பு ஒண்ணும் இல்ல. காத்து நாந்தான்" என்றாள் மைனி. "நீ போய் ஒன் ஜோலியப் பாரு."

தேர்வு நாள் வந்தது. அவள் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, நான்தான் கூடப் போனேன். மாஹிமில் ரயில் ஏறி, பார்லேயில் இறங்கி, பஸ் பிடித்துப் போனோம். வழியெல்லாம் அவள் மடியில் விரலால் அந்தக் கண்ணியையே வரைந்துகொண்டு வந்தாள். கடல் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது.

பயிற்சி நடக்கிற இடத்தில் ஒரு சின்ன ஆபீஸ், அதை ஒட்டி நீளமான வராந்தா. என்னை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவள் போனாள். தேர்வு வைக்க வந்தவர் உயரமான மனிதர், சிரிப்பே இல்லை. இருவரும் ஏறினார்கள், விமானம் கிளம்பியது, வடக்கே போய்ப் புள்ளியாகி மறைந்தது. பாருங்கள், இப்போதும் வடக்கே என்றே எழுதுகிறேன்.

ஆபீஸ் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே மேஜைமேல் ஒரு ரேடியோ பெட்டி. விமானத்தில் பேசுவதும் டவரில் பேசுவதும் அதில் கேட்கும். மகளுடைய இன்ஸ்ட்ரக்டர், நரைத்த தலை, மராட்டிக்காரர், அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு கிளார்க் டைப் அடித்துக்கொண்டிருந்தார். நான் அதுவரை அவர்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆண்கள் இருக்கிற இடத்தில் என் வாய் திறக்காது. தண்ணீர் வேண்டுமா என்று கிளார்க் கேட்டபோதுகூடத் தலையைத்தான் ஆட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சும்மா மழை இல்லை. எதிரே நின்ற விமானங்கள்கூடத் தெரியவில்லை, வராந்தா பாதிக்குச் சாரல் அடித்தது. ரேடியோவில் டவர் என்னவோ சொன்னது. எனக்கு ஒரு வார்த்தைதான் பிடிபட்டது: ஹோல்ட்.

இன்ஸ்ட்ரக்டர் கிளார்க்கிடம் இந்தியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "தேர்வுக்கு ரெண்டு சுத்து போதும். இப்போ மழை விடுற வரைக்கும் அங்கேயே சுத்தச் சொல்றாங்க. நிஜ ஹோல்டிங். காத்தும் ஏறிடுச்சு. போன தடவை மாதிரி திரும்பிட்டான்னா கம்பத்தை விட்டுட்டு எங்கேயோ போயிடுவா."

"பக்கத்துல தேர்வு வைக்கிற பெரியவர் இருக்காரே, அவர் கையில எடுத்துக்க மாட்டாரா?"

"எடுத்துப்பார். எடுத்தா தேர்வு முடிஞ்சுது."

விமானத்துக்கு ஆபத்தில்லை, அது புரிந்தது. ஆனால் என் மகளின் கையிலிருந்து அது இன்னொருவர் கைக்குப் போய்விட்டால், அவள் இத்தனை வருஷம் ஓடி ஓடிச் சேர்த்தது எல்லாம் அங்கேயே கரைந்துவிடும். கம்பத்தைக் கடக்கிற ஒவ்வொரு தடவையும் அவள் ரேடியோவில் சொல்ல வேண்டும். அந்தக் குரல் வருகிறதா என்பதுதான் எங்களுக்குத் தெரியக்கூடிய ஒரே விஷயம்.

"ஓவர்ஹெட்" என்று அவள் குரல் கேட்டது. கம்பத்தின் தலைக்கு மேல் வந்துவிட்டாள். வீட்டில் பேசுகிற குரல் இல்லை அது. பதற்றமே இல்லாத குரல்.

அதற்குமேல் என்னால் பெஞ்சில் உட்கார முடியவில்லை. எழுந்தேன். வராந்தா நடுவில் ஒரு தூண், அதில் தீயணைக்கிற மணல் வாளி தொங்கியது. தூணைத் தொட்டுவிட்டு, வலப்பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தேன். நினைத்துச் செய்யவில்லை. கால் போய்விட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, அடியை ஒட்டி அடி வைத்து, மாடியில் நடந்த மாதிரியே. தரை வழுக்கியது. போனேன், திரும்பினேன், வந்தேன். தூணைத் தொட்டேன்.

குரல் வரவில்லை.

இன்ஸ்ட்ரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். டைப் சத்தம் நின்றுவிட்டது. மழைச் சத்தம் மட்டும்தான். தூணைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அப்புறம் வந்தது. "ஓவர்ஹெட்."

உடனே எனக்குப் பொறி தட்டியது. இவள் தப்பான பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் கம்பத்துக்கு வந்தே இருக்க மாட்டாள். காற்று எதிரே இருக்கிறது. மைனி நெஞ்சில் கை கொடுத்துத் தடுக்கிற காற்று. அதனால்தான் வருவதற்கு நேரமாகியிருக்கிறது. அப்படியென்றால் இந்தச் சுற்றில் போகிற தூரத்தைக் குறைப்பாள்.

நானும் குறைத்தேன். சீக்கிரமே திரும்பினேன். திரும்பி வரும்போது மைனி எதிரே நின்று தடுப்பதாக நினைத்துக்கொண்டு இன்னும் மெதுவாக வந்தேன். கிளார்க் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "மாதாஜி, க்யா ஹுவா? தபியத் டீக் ஹை?" என்று கேட்டார். உடம்பு சரியில்லையோ என்று நினைத்துவிட்டார் பாவம். நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் கால் கணக்குத் தப்பிவிடும்.

தூணைத் தொட்டேன்.

"ஓவர்ஹெட்."

கை தூணில், குரல் காதில், இரண்டும் ஒன்றாக. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் நிற்கவில்லை, அடுத்த சுற்றுக்குத் திரும்பிவிட்டேன்.

அந்தச் சுற்றில் இன்ஸ்ட்ரக்டர் வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்று என்னையே பார்த்தார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது, எத்தனையோ வருஷமாக இதே வேலையாக இருக்கிற மனிதர். சிரித்துக்கொண்டே இந்தியில் கேட்டார், "இப்போ எங்கே இருக்கா உங்க பொண்ணு?"

வேறு எந்த நாளாக இருந்தாலும் முந்தானையால் முகத்தை மூடியிருப்பேன். அன்றைக்கு நிமிர்ந்து பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: "முட் ரஹீ ஹை. திரும்புறா. இனி நேரே வருவா."

மூன்று பேரும் காத்திருந்தோம். நான் தூணை நோக்கி நடந்தேன். கிளார்க்கும் இப்போது வெளியே வந்துவிட்டார். நான் தூணைத் தொடவும் உள்ளேயிருந்து குரல் வரவும் கிளார்க் ஹோவென்று கை தட்டினார். மழை விடும்வரை இன்னும் எத்தனை சுற்று சுற்றினேனோ தெரியாது. ஒரு சுற்றில் நான் கொஞ்சம் முந்திவிட்டேன், அதையும் சொல்லிவிட வேண்டும். மற்றபடி நாங்கள் சேர்ந்தேதான் சுற்றினோம், அவள் மேலே, நான் வராந்தாவில்.

மழை ஓய்ந்து விமானம் இறங்கியது. அந்த உயரமான பெரியவர் முதலில் இறங்கி வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எங்களைத் தாண்டி ஆபீஸுக்குள் போகப் போனவர், இன்ஸ்ட்ரக்டரிடம் நின்று சொன்னார்: "மழை வந்ததும் மூடியை எடுத்துடவான்னு கேட்டேன். வேண்டாம், இப்படியே இருக்கட்டும்னுட்டா. நான் கையைக் கட்டிட்டு உக்காந்திருந்தேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்ல."

அதுதான் பாஸ் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. பின்னாலேயே வந்த மகளின் முதுகில் இன்ஸ்ட்ரக்டர் ஒரு அறை அறைந்தார், அப்போதுதான் புரிந்தது.

மகள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். சட்டையெல்லாம் வேர்வை. "உடம்பு கத்துச்சும்மா" என்றாள் காதுக்குள். "கடல் அந்தப் பக்கம், அந்தப் பக்கம்னு கத்திட்டே இருந்துச்சு. கத்திட்டுப் போன்னு விட்டுட்டு முள்ளைப் பாத்தேன்."

நான் நடந்ததைப் பற்றி இன்ஸ்ட்ரக்டர் அவளிடம் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள், தூணைப் பார்த்தாள், என் ஈரக் காலைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. பஸ்ஸிலும் சிரித்தாள், ரயிலிலும் சிரித்தாள்.

சாலுக்கு வந்தபோது மைனி படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். பாஸா என்று அவள் கேட்கவில்லை, எங்கள் முகத்திலேயே தெரிந்துவிட்டது. "அங்க காத்து எப்படி இருந்துச்சு? பலமா?" என்றாள்.

"பலம்தான் அத்தை. ஆனா உங்க அளவுக்கு இல்ல."

அன்றைக்கு எங்கள் மாடி முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள் அந்த மனுஷி. என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து விஷயம் கேட்டதும் நேரே கடைக்குப் போய் எல்லார் வீட்டுக்கும் ஜிலேபி வாங்கி வந்தார். சாமியாடியைப் பரிந்துரைத்த கீழ்வீட்டுக்காரிக்கு மைனி தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மகள் பிறகு பெரிய விமானங்கள் ஓட்டினாள், பல ஊர் போனாள். நான் இப்போது செம்பூரில் இருக்கிறேன். மழைக்காலத்தில் இறங்க முடியாமல் விமானம் மேலே வட்டமிடுகிற சத்தம் சில நாள் கேட்கும். பக்கத்து வீட்டில், பாவம் உள்ளே இருக்கிறவர்கள் என்பார்கள். எனக்குப் பாவமாக இருக்காது. வெளியே ஒன்றுமே தெரியாவிட்டாலும் எங்கே இருக்கிறோம் என்று அறிந்த யாரோ ஒருத்தர் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தைரியமாக இருக்கும். அந்தத் தைரியம்தான் அன்றைக்கு எனக்குக் கிடைத்தது, இன்றுவரை கூட இருக்கிறது.

என் மகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், இவ்வளவு நீளத்தைப் படிக்கப் பொறுமையும் இல்லை. அதனால் முள், வட்டு, மூன்று பங்கு சாய்வது இதிலெல்லாம் நான் ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் விமானம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். அந்த வராந்தாவில் நான் நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம். அதைச் சரியாகத்தான் நடந்தேன்.